“இது இயல்பு” என்று எழுதிய கைக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற ஞாயிறு மகளிர் பக்கத்தில், இருமினால் சலம், அதாவது சிறுநீர், கசிகிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். உங்கள் பதில் மூன்றே வரி. பிள்ளை பெற்ற உடம்புக்கு இது இயல்பாம். வெளியே போகும் நாளில் தண்ணீரைக் குறைத்து, நப்கின் வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்குக் கீழே முகம் வெளுக்கும் கிறீமுக்குக் கால் பக்கம்.

கனபேருக்கு இருக்கிறது என்பது வேறு, இயல்பு என்பது வேறு. சூத்தைப் பல்லும்தான் ஊரெல்லாம் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்லுவீர்களா, இயல்பென்று தடவிக்கொண்டிருக்கச் சொல்லுவீர்களா?

தண்ணீரைக் குறைக்கச் சொன்னதுதான் பெரிய பிழை. சிறுநீரக நோயால் சனம் அல்லாடும் வவுனியாப் பக்கமும் உங்கள் பத்திரிகை போகிறது. வன்னி வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் சலம் கடுத்து, சலப்பையை உறுத்தி, இன்னும் அடிக்கடி முடுக்கும். மலமும் இறுகும். முக்க முக்க, ஏற்கெனவே தொய்ந்த தசை இன்னும் தொய்யும். கசிவுக்கு நீங்கள் சொன்ன வைத்தியம் கசிவைக் கூட்டும் வைத்தியம்.

அந்தத் தசை எது என்று உங்கள் பக்கம் ஒருநாளும் எழுதியதில்லை. முன்னால் அடிவயிற்றின் கீழே கையில் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை, ஏணை கட்டினாற்போல் கிடப்பது இடுப்படித் தசை. சலப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். கனநேரம் முக்கிப் பெற்றாலும், ஆயுதம் போட்டு எடுத்தாலும், பிள்ளை பெரிதென்றாலும் அது இழுபடும். சிசேரியன்காரருக்கும் விலக்கில்லை, ஒன்பது மாதப் பாரம் அவர்களுக்கும் அதன்மேல்தான். பிறகு 20 லீற்றர் கான் என்றால் 20 கிலோ, கச்சான் மூட்டை, அடுப்புப் புகை இருமல், மாதவிடாய் நின்ற பின் வரும் மெலிவு. வீட்டுக்கு ஆம்பிளைத் துணையில்லாத குடும்பங்கள் 2009க்குப் பிறகு இங்கே எத்தனை என்று உங்களுக்குத் தெரியாததல்ல. பாரத்தை யார் தூக்குவது?

பழைய கணக்கும் ஒன்று கிடக்கிறது. ஏ9 வீதியில் பெண்களுக்குத் திறந்திருக்கும் மலசலகூடம் இல்லையென்று முன்பு ஒரு கடிதம் அனுப்பினோம். “சலம்” என்ற சொல்லை வெட்டி “அசௌகரியம்” ஆக்கினீர்கள். “கருப்பை இறக்கம்” உங்கள் கைபட்டு “வயிற்றுக் கோளாறு” ஆனது. அதை வாசித்து ஓமத் தண்ணி குடித்தவர்களும் இருப்பார்கள். பெண்களின் உடல்நலத்தைச் சோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் நடக்கிறது. இந்தக் கதையை அங்கே வாய்விட்டுக் கேட்கலாம் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். ராசிபலன் மட்டும் ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

இயன்மருத்துவப் (பிசியோதெரப்பி) பகுதியில் நாளும் இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள். தசையை இறுக்கச் சொன்னால் பலர் குண்டியை இறுக்குவார்கள், தொடையைச் சேர்ப்பார்கள், அல்லது மூச்சை அடக்கிக் கீழ்நோக்கி முக்குவார்கள். கடைசியாகச் சொன்னது கெடுதல். சரியான முறை இது. முழங்காலை மடித்து மல்லாந்து படுங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோலப் பின்பக்கத்தையும், சலத்தை மறிப்பதுபோல முன்பக்கத்தையும் சேர்த்து இறுக்கி, உள்ளே மேல்நோக்கி இழுங்கள். வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடைபடாது. முதலில் மூன்று எண்ணும் வரை பிடித்தாலே காணும், போகப்போகப் பத்துக்குப் போகலாம். பிடித்த அளவு நேரம் முழுதாகத் தளர விடுங்கள். தளர்த்தத் தெரியாத தசை நோகும். ஒரு தடவைக்கு எட்டு முதல் பத்து, நாளுக்கு மூன்று தடவை. பிறகு சட்டுச்சட்டென்று பத்து.

சரியா பிழையா என்று பார்க்க, ஒரு துவாயை இறுகச் சுருட்டிக் கதிரையில் நெடுக்காக வைத்து, அதன்மேல் கால்பரப்பி இருங்கள். இறுக்கும்போது அடிப்பகுதி துவாயை விட்டு மேலே போவதுபோல இருக்க வேண்டும். துவாயை அமத்தினால் முக்குகிறீர்கள். சலம் போகும்போது இடையில் நிறுத்திப் பழகும் வழக்கத்தை விடுங்கள், சலப்பை முழுதாக வெறுமையாகாது. இருமலோ தும்மலோ வருகிறது என்றால், குடத்தைத் தூக்கப் போகிறீர்கள் என்றால், முந்தி இறுக்குங்கள், பிறகு இருமுங்கள், தூக்குங்கள். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். இரண்டு கிழமையில் விட்டுவிட்டு “சரிவரவில்லை” என்பவர்கள்தான் கூட.

பிள்ளை பிறந்து, சலம் போக வைத்த குழாயை எடுத்து, சலம் ஒழுங்காகப் போகத் தொடங்கியதும் மெதுவாக ஆரம்பிக்கலாம். தையல் இருந்தாலும் சரி. துடக்குக் கழியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வயிற்றை இறுக்கிக் கட்டுவதைப் பற்றி அம்மம்மாமாரோடு சண்டை பிடிக்க எங்களுக்கு விருப்பமில்லை, ஆனால் இறுக்கினால் அமுக்கம் கீழேதான் போகும்.

பின்னேரமானால் கீழே பாரம், முட்டைமேல் இருப்பதுபோல ஏதோ தட்டுப்படுவது, காலையில் அது குறைவது, இவை கருப்பை இறக்கத்தின் குறிகள். ஒப்பரேஷன் ஒன்றுதான் வழியென்று பயந்து ஒளிக்க வேண்டாம், கருப்பையைத் தாங்க உள்ளே வைக்கும் வளையமும் உண்டு. வைத்தால் சொன்ன தவணைக்குப் போய்க் காட்ட வேண்டும். சலத்தில் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தம், சலம் முற்றாக மறிபடுதல், இரவு பகல் ஓயாத ஒழுக்கு, இவற்றுக்குப் பயிற்சி மருந்தல்ல. உடனே வைத்தியரிடம் போக வேண்டும். அந்த இடம் நோகிறவர்களும் காட்டாமல் இறுக்கத் தொடங்கக் கூடாது.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. ராசிபலனுக்குப் பக்கத்தில் நாலு அங்குலம், தொடர்ந்து மூன்று மாதம், மேலே சொன்ன பயிற்சியைப் பெட்டி கட்டிப் போடுங்கள். அம்மம்மாமாரும் வாசிக்கிற எழுத்தில் போடுங்கள். “சலம்” என்றே அச்சிடுங்கள். தலைப்பில் “பெண்மை” வேண்டாம்.

இப்படிக்கு,
இயன்மருத்துவர்கள் இருவர்,
கிளிநொச்சி