டீ குடித்தால் வராத எச்சரிக்கை

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் தேடிப் பார்த்தேன், சோம்பலைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக வாசு சொன்னான். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் பிளஸ் டூ முடித்துவிட்டான்; எந்தக் கல்லூரி என்று தினமும் இரவு வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறது, நடுவர் என் மாமனார். குசலம் முடிந்தது. இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. வீட்டில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள்.

போன வாரம் நாலு பேர் முன்னால் ஒரு பெண்ணைப் பொய் சொல்கிறாய் என்று சொல்லிவிட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. எனக்குச் சாட்சி சொன்னது ஒரு டீபக்கர், நிரலில் பிழை தேட உதவும் மென்பொருள்.

தேன்மொழி எங்களிடம் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதிகம் பேசமாட்டாள். நூற்பாலைகளுக்கு நாங்கள் செய்து கொடுக்கும் பெட்டி உனக்குத் தெரியும், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தில் ஸ்பிண்டில் என்ற கதிர் சுற்றுவதை எண்ணி, நூல் எவ்வளவு ஓடியது என்று திரையில் காட்டுமே, அதுதான். பல்லடம் பக்கத்து மில் ஒன்றிலிருந்து புகார் வந்தது: மூன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை நீளக் கணக்கு திடீரென்று சரிகிறது. ஷிப்ட் சூப்பர்வைசர் கடுகடுப்பான ஆள். "உங்கள் பெட்டி நூலைத் திரும்ப விழுங்குகிறதா?" என்று கேட்டார்.

தேன்மொழி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டாள். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று. பதினாறு பிட்டில், அதாவது பதினாறு இரும இலக்கத்தில், அடங்கும் எண்ணிக்கை 65,536. வகுத்தால் மூன்று நிமிடம் முப்பத்தெட்டு விநாடி. கவுண்டர் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான். முப்பத்திரண்டு பிட்டாக மாற்றினாள். மில்லில் பதிவு செய்து வந்த துடிப்புகளை மேசைக் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். பழையபடியே சரிந்தது.

அப்போதுதான் நான் போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அவள் டிடிடி என்ற டீபக்கரைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். ஞாபகம் இருக்கிறதா? ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டொரோதியா லூட்கேஹவுஸும் ஆண்ட்ரியாஸ் செல்லரும் எழுதியது. நிரலில் உள்ள ஒரு சுட்டியை (பாயிண்டரை) இரண்டு முறை தட்டினால், நினைவகத்தில் அது காட்டும் இடம் ஒரு பெட்டியாக முளைத்து, நடுவே ஓர் அம்பு வரும். மூன்றாம் ஆண்டில், ஒன்று அடுத்ததைச் சுட்டும் நம் இணைப்புப் பட்டியல் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு வட்டமாக நின்றதைப் பார்த்து நீ கைதட்டினாயே, அதே சாம்பல் நிற ஜன்னல்தான். இந்தக் காலத்துப் பிள்ளை ஏன் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டால், "பெட்டியும் அம்பும் கண்ணுக்குத் தெரிகிறது சார்" என்கிறாள். நல்ல பதில்.

கீழே உள்ள பகுதியில் ஒரு வரி இருந்தது. நாம் எழுதும் மூலக் கோப்பு, கம்பைலர் அதிலிருந்து உருவாக்கி ஓட்டத் தரும் பைனரியைவிடப் புதியது என்று எச்சரிக்கை. அதாவது நீ கண்ணால் பார்ப்பது ஒரு நிரல், ஓடுவது வேறொரு பழைய நிரல்.

"திருத்திவிட்டு கம்பைல் செய்யவில்லையே அம்மா" என்றேன்.

"செய்தேன் சார்."

"செய்திருந்தால் இது ஏன் வருகிறது?"

"எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன் சார்."

நிரலை அடியடியாக நடத்தச் சொன்னேன். அம்புக்குறி 212ஆம் வரியிலிருந்து 215க்குப் போய், திரும்ப 212க்கு வந்து, 219க்குத் தாவியது. ஒரு மாறியின் மதிப்பைக் கேட்டால் இல்லை என்றது. எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. வரிகளே பொருந்தவில்லை, பழைய பைனரிதான். "டீபக்கர் பொய் சொல்லுமா?" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பேசவில்லை. நான் போய் உட்கார்ந்துவிட்டேன், ஏதோ சாதித்தவன் மாதிரி.

அம்பு தாவியதற்குக் காரணம் வேறு என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். வேகத்துக்காக ஓ-2 என்ற மேம்படுத்தல் நிலை வைத்துத்தான் கம்பைல் செய்கிறோம். கம்பைலர் வரிகளை இடம் மாற்றும், சில மாறிகளை நிரலிலிருந்தே எடுத்துவிடும். இருபத்தைந்து வருடமாக இதில் சோறு தின்பவன் நான். ஒரு தவறான சாட்சி சொன்னதை இன்னொரு தவறான சாட்சியும் சொன்னால் மனசு அதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்கிறது.

மறுநாள் அவள் வந்து, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். "சார், டீ குடித்துவிட்டு வந்து கம்பைல் செய்தால் அந்த எச்சரிக்கை வருவதில்லை."

நான் சிரித்தேன் சேகர். இதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. வாசு காலத்து ஜோக் எல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்காமல் நின்றாள். "என் எதிரில் செய்து காட்டு" என்றேன். ஓர் எழுத்தைத் திருத்தினாள், சேமித்தாள், உடனே கம்பைல் செய்தாள். டிடிடியைத் திறந்தாள். எச்சரிக்கை. என் கண் எதிரில் பிறந்த பைனரி. கோப்புகளின் நேரத்தைப் பட்டியல் போட்டோம். மூலக் கோப்பு 11:42. அதற்குப் பிறகு பிறந்த பைனரி 11:38.

சுவர்க் கடிகாரத்தில் 11:42. அவள் கணினியில் 11:38.

நீ இப்போது மேலாளராகி வெறும் வரைபடங்களைப் பார்த்துக் காலம் தள்ளுவதால் விளக்குகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூலக் கோப்புகள் எங்கள் சர்வரில் இருக்கின்றன, அவற்றுக்கு நேர முத்திரை குத்துவது சர்வரின் கடிகாரம். வேகத்துக்காக பைனரியை அவரவர் கணினியின் சொந்த வட்டில் உருவாக்குகிறோம், அதற்கு முத்திரை அந்தக் கணினியின் கடிகாரம். கணினிகள் எல்லாம் என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறை வழியாக வெளியே நேரம் கேட்டுச் சரிசெய்துகொண்டிருந்தன. இரண்டு மாதம் முன்பு புது ஃபயர்வால் போட்டபோது அந்த என்டிபி போய்வரும் வாசலான யுடிபி 123ஆம் போர்ட்டைச் சர்வருக்கு மட்டும் திறந்துவிட்டு மற்றவற்றுக்கு மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கணினியும் தன் கடிகாரப் படிகத்தை நம்பித் தனியாக நடந்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்கு நாலு விநாடி விலகினால் இரண்டு மாதத்தில் நாலு நிமிடம். சேமித்து நாலு நிமிடத்துக்குள் கம்பைல் செய்தால் எச்சரிக்கை வரும். டீக்கடை வரை போய் வந்தால் வராது. சுறுசுறுப்பாக வேலை செய்தால்தான் குற்றவாளி ஆவாய்!

அன்று இரவு, டிடிடிக்குப் பின்னால் ஓடும் டீபக்கரான ஜிடிபியின் மூல நிரலை இறக்கிப் பார்த்தேன். டிடிடிக்கு இதில் பங்கில்லை. அது முகம், நாக்கு ஜிடிபியுடையது. 1986இல் ஸ்டால்மன் தொடங்கியது. இவ்வளவு பெரிய நிரலில் அந்த எச்சரிக்கைக்கு இருப்பது ஒரே ஒரு ஒப்பீடு. இந்த எண் அந்த எண்ணைவிடச் சிறியதா? ஆம் என்றால் எச்சரி. கோப்பின் உள்ளடக்கத்தை அது திறந்துகூட ஒப்பிடுவதில்லை. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் ஒரு கைரேகை எடுத்துக் குறித்து வைத்து, அதோடு ஒப்பிடுகிறது. 2017இல் வந்த ட்வார்ஃப் 5 என்ற டீபக் தகவல் வடிவத்திலும் அப்படிக் கைரேகை வைக்க இடம் இருக்கிறது. எங்கள் கம்பைலர் அதற்கும் முந்தைய கிழம்.

இன்னொன்று கேள், இது என் தலையில் நானே கொட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்ன எச்சரிக்கையும் ஒன்று இருந்தது. எதைத் திரும்ப கம்பைல் செய்ய வேண்டும் என்று கோப்புகளின் நேரத்தை வைத்து முடிவு செய்யும் மேக் என்ற கருவி, ஒவ்வொரு முறையும் இந்தக் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு வரி எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. திரை சுத்தமாக இருக்கட்டும் என்று அந்த வெளியீடு முழுவதையும் ஒரு கோப்புக்குள் தள்ளிவிடும் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. எழுதியது யார் என்று கேட்காதே.

மேக் பிறந்த கதை உனக்கு நினைவிருக்கும். 1976இல், பெல் ஆய்வகத்தில். யாக் என்ற நிரலாக்கக் கருவியை எழுதிய ஸ்டீபன் ஜான்சன், ஏற்கெனவே திருத்திவிட்ட நிரலைத் திரும்ப கம்பைல் செய்ய மறந்து, இல்லாத பிழையை ஒரு காலை முழுவதும் தேடிவிட்டுச் சபித்துக்கொண்டே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறைக்கு வந்தாராம். அந்த மறதி இனி யாருக்கும் வரக்கூடாது என்று ஃபெல்ட்மேன் எழுதியதுதான் மேக். ஐம்பது வருடம் கழித்து நான் மறக்காத ஒருத்தியைப் பார்த்து மறந்துவிட்டாய் என்று கத்தியிருக்கிறேன்.

சரி, அப்படியானால் கணக்கு ஏன் சரிந்தது? எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்ததும் பத்து நிமிடத்தில் தேன்மொழி கண்டுபிடித்தாள். அவள் மாற்றிய முப்பத்திரண்டு பிட் எண்ணை வாங்கிக்கொள்ளும் ஒரு ஃபங்ஷன், தன் வாசலை இன்னும் பதினாறு பிட்டாகவே வைத்திருந்தது. பெரியது உள்ளே நுழையும்போது தலை வெட்டுப்பட்டது. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லா எச்சரிக்கையும் கொடு என்று ‘வால்’ (-Wall) போட்டுத்தான் கம்பைல் செய்கிறோம். அந்த ‘ஆல்’ என்பதில் இது சேராது. எண்ணைக் குறுக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். எட்டு வருடம் முன்பு அந்த ஃபங்ஷனை எழுதியவனின் பெயர் மேலே குறிப்பில் இருந்தது. என் பெயர். அவள் அந்த வரியைச் சத்தமாகப் படிக்கவில்லை. நன்றி சொல்லத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை டீக்கடையில் மன்னிப்புக் கேட்டேன். அழகாகக் கேட்கவில்லை; "அன்று நான் அவசரப்பட்டுவிட்டேன்" என்று ஏதோ மென்று விழுங்கினேன். அவள் கண்ணாடி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "சார், உங்கள் கணினியில் நேரம் பார்த்தீர்களா?" என்றாள்.

பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு விநாடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த எச்சரிக்கை ஒருமுறைகூட வந்ததில்லை. அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. யோசித்துப் பார். என் பைனரி எப்போதும் ஒன்றரை நிமிடம் கூடுதல் இளமையாகவே தெரியும். கம்பைல் செய்துவிட்டு, ஓட்டிப் பார்த்து, ஒரு நிமிடத்துக்குள் ஒரு வரி திருத்தி மறுபடி மேக் அடித்தால், எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். ஓடுவது பழையது. டீபக்கரும் வாய் திறக்காது. அவள் கணினி உண்மையைத் திட்டியது, என் கணினி பொய்யைப் பாராட்டியது. இரண்டு மாதத்தில் எத்தனை தடவை திருத்தினேன், சோதித்தேன், சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டேன்? அவசரத்தில் ஒரு வரி மாற்றி உடனே பார்ப்பதுதான் என் பழக்கம். நேற்று முழுவதும் உட்கார்ந்து இரண்டு மாதத்துச் சோதனைக் குறிப்புகளைப் புரட்டினேன். பதினோரு இடத்தில் நம்பிக்கை வரவில்லை. அவற்றில் மூன்று மில்லுக்கே போய்விட்டன. நாளை முதல் மறுபடி சோதிக்க வேண்டும். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று இரவு தூக்கம் வராமல் கிடந்தபோது உன் ஃப்ளாப்பி ஞாபகம் வந்தது. பேட்டரி செத்த அந்த ஆறாம் நம்பர் கணினி, உன் கோப்பில் 1980 ஜனவரி 1 என்று முத்திரை குத்தியது. "உனக்கு நாலு வயதில் எழுதியதா?" என்று பரமசிவம் சார் கேட்டதும் ஆய்வகமே சிரித்தது. தேதியை மாற்றி ஏமாற்றப் பார்த்தாய் என்று உனக்கு மட்டும் பூஜ்யம். நானும் சிரித்தேன். முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்களைவிடச் சத்தமாக. நீ ஒன்றும் பேசவில்லை. நாம் அதைப் பற்றி அப்புறம் பேசியதே இல்லை.

அடுத்த மாதம் பத்தாம் தேதி வேலையாக ஓசூர் வருகிறேன். இரவு உன் வீட்டில்தான் சாப்பாடு, அக்காவிடம் சொல்லிவை. கத்திரிக்காய் வேண்டாம், இன்னும் சேருவதில்லை. வாசுவையும் வரச் சொல். உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவரைப் பிடித்து எல்லாக் கணினியிலும் நேரம் பார்க்கச் சொல். எச்சரிக்கை வராத கணினியிலிருந்து தொடங்கட்டும்.

அன்புடன்,
முருகேசன்