தடித்த சாய்வெழுத்தை எங்கே வைப்பது: அச்சக நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அச்சக உரிமையாளர்களுக்கும், டி.டி.பி. மற்றும் பிளக்ஸ் வடிவமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

இரு மாவட்டங்களிலும் அச்சாகும் அழைப்பிதழ், துண்டறிக்கை, திருவிழாப் பத்திரிகை, கடைப் பலகை ஆகியவற்றின் மெய்ப்பை நாள்தோறும் பார்ப்பவன் என்ற முறையில் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வேர்டில் பொத்தானை அழுத்தியோ, கோரல்டிராவில் எழுத்தை இழுத்துச் சாய்த்து ஓரக்கோடு கொடுத்தோ தமிழில் ‘போல்டு இட்டாலிக்’, அதாவது தடித்த சாய்வெழுத்து, செய்வதைக் கைவிடுங்கள். அந்த வடிவம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில், அதற்கென்றே வரையப்பட்ட எழுத்துருவைப் பயன்படுத்துங்கள்.

டைம்ஸ் நியூ ரோமன் போன்ற ஆங்கில செரிஃப் (கோட்டின் முனையில் சிறு பட்டை உள்ள) எழுத்துருவில் சாதாரணம், தடித்தது, சாய்ந்தது, தடித்துச் சாய்ந்தது என நான்கு தனித்தனிக் கோப்புகள் உண்டு. நான்காவது கோப்பு முதலாவதைச் சாய்த்துப் பெருக்கியதன்று. சாய்வில் சிறிய ‘ஏ’ தன் மேலடுக்கை விட்டுவிட்டு ஒற்றை வளையமாகிறது. சிறிய ‘எஃப்’ அடிக்கோட்டுக்குக் கீழே வாலை இறக்குகிறது. நேரெழுத்தின் காலடியில் தட்டையாக நிற்கும் செரிஃப், பேனா காகிதத்தை விட்டு எழும்போது விழும் சிறு கொக்கியாக மாறுகிறது. காரணம், சாய்வெழுத்து கையெழுத்திலிருந்து வந்தது. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுடியஸ் என்னும் அச்சகர் 1501-இல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளைப் பிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கிய சாய்வெழுத்தில் அச்சிட்டபோது, நூல் முழுவதும் அதிலேயே இருந்தது. ஒரு சொல்லை மட்டும் அழுத்திக் காட்டுவது அதன் வேலையாக இருக்கவில்லை. வரியின் நடுவே ஒரு சொல்லைத் தூக்கிக் காட்டும் தடித்த எழுத்தோ 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில்தான் நிலைபெற்றது. 1845-இல் இலண்டனில் வெளியான கிளாரண்டன் என்னும் எழுத்துரு அவ்வகையில் பெயர் பெற்றது. இவ்விரண்டும் கலந்த தடித்த சாய்வு, எழுத்துக் குடும்பத்தில் கடைசியாகப் பிறந்த பிள்ளை. அதற்கு வேலையும் குறைவு.

தமிழ் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் வளர்ந்தது; 1578-இல் கொல்லத்தில் அச்சேறியபோதும் நேராகவே நின்றது. அதனால் தமிழில் சாய்வே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பேருந்துகளிலும் சுவர்களிலும் தூரிகையால் எழுதிய நம் ஓவியர்கள் சாய்த்தும் எழுதினார்கள், அழகாகவும் எழுதினார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் சாய்வாகவே வரைந்தார்கள். வரைந்து முடித்த எழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை.

தள்ளினால் என்ன ஆகும் என்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 12 பாகை சாய்த்தால் எழுத்தின் உச்சி, அதன் உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலப்புறம் நகர்கிறது. வட்டம் சாய்ந்த முட்டையாகி, மேல் வலப்புறமும் கீழ் இடப்புறமும் பருத்து, மற்ற இரு மூலைகளும் மெலிகின்றன. வடிவமைப்பாளர் இதைக் கையால் சரிசெய்வார், மென்பொருள் செய்யாது. இதன்மேல் ஓரக்கோடும் கொடுத்தால், அது வெளியே பரவும் அளவுக்கு உள்ளேயும் பரவிச் சுழிகளை அடைக்கிறது. சுழிதான் தமிழில் பொருளைச் சுமக்கிறது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு உச்சியில் உள்ள ஒரு சிறு சுழி மட்டுமே. அது மைக்கட்டியாகிவிட்டால் ‘தென்’ எது, ‘தேன்’ எது? எட்டுப் புள்ளி அளவில், மை உறிஞ்சும் மலிவுத் தாளில், ‘மனம்’ என்பதும் ‘மணம்’ என்பதும் ஒன்றுபோலத் தெரியும் பத்திரிகைகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சாய்த்த பெயரை அடுத்து நேரான அடைப்புக்குறி வந்தால், கடைசி எழுத்தின் புள்ளி அதில் போய் முட்டிக்கொள்வது தனிக்கதை.

இந்த வடிவம் தேவைப்படும் இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியின் அரங்கப் பலகைகளையும் நாற்றுப் பண்ணைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். உயிரியல் மரபுப்படி பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் சாய்வில் வர வேண்டும். இரகத்தின் பெயர் சாயாமல் ஒற்றை மேற்கோளுக்குள் நிற்க வேண்டும். அட்டையின் தலைப்பு முழுவதும் தடித்த எழுத்தில் இருக்கும்போது, மாமரத்தைக் குறிக்கும் மாஞ்சிஃபெரா இண்டிகா என்னும் பெயர் மட்டும் தடித்த சாய்விலும், ‘தோத்தாபுரி’ என்பது தடித்த நேரெழுத்திலும் வந்தால், எது தாவரப் பெயர், எது இரகம் என்பது பார்த்தவுடன் விளங்கிவிடும். இப்போதோ விலை, தொலைபேசி எண், பண்ணையின் பெயர் உட்பட எல்லாமே சாய்ந்து நிற்பதால், சாய்வு எதையுமே சுட்டுவதில்லை. இயற்பியல் வினாத்தாள் அச்சிடுவோருக்கும் இது பயன்படும்: திசையன் குறியீட்டைத் தடித்த சாய்வில் அச்சிடுவது உலகத் தரநிலை ஏற்றுக்கொண்ட வழக்கம்.

தமிழில் இதற்கு எழுத்துரு எங்கே என்று கேட்பீர்கள். கட்டணமின்றிக் கிடைக்கும் ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ என்னும் எழுத்துருவில் சாய்வு தனியாகவே தரப்பட்டிருக்கிறது. அதன் தடித்த வடிவும் உண்டு. உங்களில் பலர் வைத்திருக்கும் பழைய கோரல்டிரா பதிப்புகளில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வராது என்பதை அறிவேன். தலைப்பை மட்டும் லிப்ரே ஆபீஸிலோ இங்க்ஸ்கேப்பிலோ தட்டச்சு செய்து, எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். ஒரு வரிக்கு அது பெரிய வேலையில்லை.

நெடுஞ்சாலைப் பிளக்ஸ் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: ஓடும் பேருந்திலிருந்து படிக்கவேண்டிய ஊர்ப்பெயரும் எண்ணும் நேராக நிற்கட்டும், இடைவெளி கூடட்டும்.

“சாய்ச்சுப் போடுங்க, ஸ்டைலா இருக்கும்” என்று வாடிக்கையாளர் கேட்பார். காசு கொடுப்பவர் அவர், மறுத்துப் பேசுவது உங்களுக்குக் கடினம். அப்போது நேரெழுத்தில் ஒன்றும் அவர் கேட்டபடி ஒன்றுமாக, அச்சாகப் போகும் அதே அளவில், அதே தாளில் இரண்டு படிகள் எடுத்து, வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு ஆர்டரை உறுதி செய்யச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
தருமபுரி.