மேக்ஸ் உங்கருக்கு, ஒரு யார்டு பற்றி

அன்புள்ள உங்கர் அவர்களுக்கு,

2015இல் ஜிம்மி கிரஹாமுக்காக எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி சியாட்டில் சீஹாக்ஸ் கொடுத்த விலை தகுமா என்ற வழக்கு பத்தாண்டு கடந்தும் ஓயவில்லை. ஒரு தரப்பு அவர் பிடித்த பந்துகளை எண்ணும்; மறு தரப்பு அவர் இல்லாமலே வென்ற ஆட்டங்களை எண்ணும். விலையாக நியூ ஆர்லியன்ஸ் அணிக்குப் போனவர், எங்கள் தாக்கும் வரிசையின் நடுவில் நின்ற சென்டரான நீங்கள். உங்களை எவரும் எண்ணுவதில்லை. அதனால்தான் இதை கிரஹாமுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஆசை எங்கே தொடங்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பந்தின் மேல் குனிந்திருந்தவரே நீங்கள்தான். 2015 பிப்ரவரி 1, சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டி. தாண்டினால் ஆறு புள்ளி தரும் டச் டவுன் கோட்டுக்கு ஒரு யார்டு, மிச்சம் 26 வினாடி. பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் மார்ஷான் லிஞ்சிடம் பந்தைக் கொடுக்காமல், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் எறிந்தார். நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பறித்துக்கொண்டார். 28-24 எனத் தோற்றோம்.

அந்த ஒரு யார்டுக்கு மருந்து தேடி, 37 நாளில் நிர்வாகம் கிரஹாமை வாங்கியது. ஆறடி ஏழங்குல உயரம், கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய கைகள், நியூ ஆர்லியன்ஸில் 2013இல் மட்டும் 16 டச் டவுன். கோட்டருகே பந்தை உயரத் தூக்கிப்போட்டால் போதும், எட்டிப் பறித்துவிடுவார். அவருக்கு ஈடாக நீங்களும், ஆண்டுதோறும் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்று உரிமையும். அவரோடு நான்காம் சுற்று உரிமை ஒன்றும் இந்தப் பக்கம் வந்தது.

எனக்கும் அன்று கொண்டாட்டம்தான், மறைக்கவில்லை. முந்தைய பருவத்தில் காயத்தால் நீங்கள் வழக்கமான ஆட்டங்களில் ஆறில்தான் இறங்கினீர்கள். அடிபட்ட சென்டர் போனால் என்ன, இன்னொருவர் கிடைக்காமலா போவார் என்று பேசியவர்களில் நானும் ஒருவன்.

கிடைத்தவர் டிரூ நோவாக். கல்லூரியில் எதிரணியைத் தடுக்கும் தற்காப்பு வரிசையில் நின்றவர். அவரைத் திருப்பி நிறுத்தி சென்டர் ஆக்கினார்கள். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சென்டரின் வேலை பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தள்ளிவிடுவதோடு முடிகிறதா? எதிரே எத்தனை பேர் பாயப்போகிறார்கள், யாரை யார் தடுப்பது என்று சில வினாடிகளில் படித்து, வரிசைக்கு உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு பந்தைக் கொடுத்து, அதே மூச்சில் நூற்று முப்பது நாற்பது கிலோ ஆள் ஒருவரை மார்பில் தாங்க வேண்டும். இதற்குப் புள்ளிவிவரப் பலகையில் ஒரு கட்டம்கூட இல்லை.

செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் முதல் ஆட்டம். கிரஹாம் டச் டவுன் எடுத்தார், துள்ளினோம். கூடுதல் நேரத்தில் அன்று அவ்வூர் அணியாக இருந்த ராம்ஸ் 34-31 என முன்னேறியது. பத்து யார்டு முன்னேற நான்கே முயற்சி; இது நான்காவது, தேவை ஒரு யார்டு. மறுபடியும் அதே ஒரு யார்டு! இம்முறை லிஞ்சிடமே பந்தைக் கொடுத்தார்கள். ஆரன் டொனால்டும் மைக்கேல் பிராக்கர்ஸும் நடுவரிசையைப் பிளந்து வந்து அவரைப் பின்னாலேயே சாய்த்தார்கள். ஆட்டம் முடிந்தது. ஒரு யார்டுக்காக வாங்கியவரிடம் பந்து போகவில்லை. அந்த ஒரு யார்டை உடைத்துத் தர வேண்டியவரை விலையாகக் கொடுத்துவிட்டிருந்தோம்.

கிரஹாமைத் திட்டுவது அநியாயம். அந்த நவம்பரில் முழங்கால் சில்லின் தசைநாண் அறுந்தது. அதிலிருந்து மீண்டு அடுத்த ஆண்டே 923 யார்டு எடுத்தவர் அவர். 2017இல் பத்து டச் டவுன். வாங்கிய காரியத்தைச் செய்தே காட்டினார். ஆனால் அதே 2017இல் எங்கள் ரன்னிங் பேக்குகள் எல்லோரும் சேர்ந்து பந்தோடு ஓடி எடுத்த டச் டவுன் ஒன்றே ஒன்று! பருவ முடிவு நாக் அவுட் சுற்றான பிளே ஆஃப் பக்கமே அணி போகவில்லை. என் தீர்ப்பு இதுதான்: ஆள் நல்லவர், பேரம் மோசம்.

நியூ ஆர்லியன்ஸும் முழு லாபம் பார்க்கவில்லை. எங்களிடம் பெற்ற அந்த முதல் சுற்று உரிமையில் அவர்கள் எடுத்த, தற்காப்பில் ஆடும் லைன்பேக்கர் ஸ்டெஃபோன் ஆந்தனி முதல் ஆண்டு நன்றாக ஆடிவிட்டு மங்கிப்போனார், 2017இல் மயாமிக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்கள் மட்டும் அவர்களின் குவார்ட்டர்பேக் டிரூ பிரீஸுக்கு முன்னால் நான்கு பருவம் அசையாமல் நின்று, 2019இல் ஓய்வு பெற்றீர்கள்.

பேரத்தை ஆதரிப்பவர்கள் கடைசியில், எறியும் பந்தைப் பிடிக்கும் டைலர் லாக்கெட்டை இழுத்துவருவார்கள். கூட வந்த அந்த நான்காம் சுற்று உரிமையோடு வேறு மூன்றையும் சேர்த்து வாஷிங்டனுக்குக் கொடுத்துத்தான் அவரை எடுத்தோம். எங்களுக்குப் பத்துப் பருவம் ஆடினார், நான்கு முறை ஆயிரம் யார்டைத் தாண்டினார். சேலையோடு இனாமாக வந்த ரவிக்கைத் துணி சேலையைவிட அதிக நாள் உழைத்தது. அதைக் காட்டி, சேலை வாங்கியது சரிதான் என்று வாதாடுகிறார்கள். சிரித்துவிட்டு விட்டுவிடுவேன், லாக்கெட்டை எனக்கும் பிடிக்கும் என்பதால்.

உங்களிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். செயின்ட் லூயிஸ் ஆட்டம் நடந்த அதே நாளில் உங்கள் புதிய அணிக்கு அரிசோனாவில் ஆட்டம் இருந்தது, நேரில் பார்த்திருக்க வழியில்லை. பிறகாவது அந்தக் கடைசி ஓட்டத்தைப் பார்த்தீர்களா? அங்கே நீங்கள் நின்றிருந்தால் முதலில் யாரை முட்டியிருப்பீர்கள், டொனால்டையா, பிராக்கர்ஸையா?

அன்புடன்,
ஒரு சீஹாக்ஸ் ரசிகன்