வாளிப் பல்லையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியருக்கு,

ஓட்டுநர் இல்லாத சுரங்க டிப்பர்கள் புதிதல்ல. சிலி நாட்டின் கேப்ரியலா மிஸ்ட்ரல் செம்புச் சுரங்கத்தில் 2008 முதலே ஓடுகின்றன. டிப்பருக்குப் பாதை முன்பே தெரியும். மண் தோண்டும் எக்ஸ்கவேட்டருக்கு அந்த வசதி இல்லை. வாளி அடுத்து மோதப்போவது களிமண்ணா, புதைந்த பாறையா என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது. தானியங்கித் தோண்டல் பின்தங்கியிருக்க முக்கியக் காரணம் இதுதான்.

வாளி நுனி எங்கே இருக்கிறது என்று கணினி அறிய எக்ஸ்கவேட்டரின் பூம் (பெரிய கை), ஆர்ம் (அதன் முனையில் மடங்கும் சிறிய கை), வாளி ஒவ்வொன்றிலும் ஒரு சாய்வு உணரி, மேல்கட்டில் இரண்டு ஜிபிஎஸ் ஆன்டெனா, அருகே ஜிபிஎஸ் பிழையைத் திருத்த ஒரு அடிப்படை நிலையம். எல்லாம் சரியாக இருந்தால் வாளி நுனி 2 முதல் 3 செ.மீ. பிழைக்குள் பிடிபடும். ஆனால் வாளி விளிம்பில் உள்ள பல் 4 செ.மீ. தேய்ந்தால் கணினிக்குத் தெரியாது. வெட்டு ஏறத்தாழ அவ்வளவு மேலே நின்றுவிடும். மூட்டுகளைக் கோக்கும் பின்னும் (pin) அதைச் சுற்றிய புஷ்ஷும் தளர்ந்தாலும் அளவு பிசகும். பல்லையோ வாளியையோ மாற்றினால் அளவுகளை மறுபடி பதிந்தே ஆக வேண்டும். பல தளங்களில் விட்டுப்போவது இந்த வேலைதான்.

கைகளை அசைக்கும் சிலிண்டர்களைத் தள்ளுவது ஹைட்ராலிக் ஆயில். குளிர்ந்திருந்தால் அது தடித்திருக்கும். அதே சிக்னலுக்கு சிலிண்டர் தாமதமாக அசையும், பூம் இலக்கைத் தாண்டி ஆடும். ஆயில் சூடேறிய பிறகே நிலத்தைச் சமன்செய்யும் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஓட்டுநர் இல்லாத டிப்பர்கள் பிசகாமல் ஒரே தடத்தில் ஓடுவதால் சாலையில் பள்ளம் விழும். ஒவ்வொரு நடைக்கும் தடத்தைச் சற்று விலக்கிக் கொடுக்க வேண்டும். லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார், தூசியைத் தடையாக எண்ணி வண்டியை நிறுத்திவிடும். அதனால் ரேடாரும் கூடவே தேவை. ரேடியோத் தொடர்பு அறுந்தால் எந்திரம் தானே நிற்கிறதா என்பதை ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்பும் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது கட்டாயமாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்