ஆஃப்செட்டில் யார் கை?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஓசூரிலேயே இன்னொரு கம்பெனி நாலாயிரம் கூடத் தருகிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறாய். போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். அங்கே போய் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வா: நீ ஓட்டுகிற மாதிரி சி.என்.சி. மெஷினில் ஆஃப்செட்டை, அதாவது டூல் எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும் என்று திருத்துகிற எண்ணை, மாற்றுவது யார்?

ஆபரேட்டரே மாற்றலாம் என்றால் சரி, மேலே பேசலாம். "அதெல்லாம் மெஷினை செட் பண்ற செட்டர் பார்த்துப்பார், லாக் போட்டிருக்கு, நீங்க ஜாப் துண்டை மாட்டிக் கழட்டினா போதும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னால், கொஞ்சம் நிதானி. இங்கே அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பார்த்த வரைக்கும் சம்பளம் ஏறுவதும் நிற்பதும் அந்த லாக்கில்தான் இருக்கிறது. பட்டன் அழுத்துகிறவரை ஒரு வாரத்தில் தயார் பண்ணிவிடலாம். அது முதலாளிக்கும் தெரியும்.

நீ ஓட்டுகிற அலுமினிய ஹவுசிங்கையே எடுத்துக்கொள். 50 எம்.எம். போர் (துளை), டிராயிங்கில் அளவு கூடக் குறைய விடுகிற இடம் ஹெச்-7 என்று இருந்தால் மொத்தம் 25 மைக்ரான்தான், ஒரு எம்.எம்.மை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 50.000-க்குக் கீழேயும் போகக்கூடாது, 50.025-க்கு மேலேயும் போகக்கூடாது. ஓசூர் குளிர்ச்சியான ஊர், அங்கே இது அவ்வளவு தெரியாது. நம்ம பக்கம் மே மாதம், தகரக் கூரைக்குக் கீழே ஜாப் 40 டிகிரியில் இருக்கும். இன்ஸ்பெக்ஷன் ரூம் 20 டிகிரி. ஏ.சி. ரூமில் செட் பண்ணிய போர் கேஜைக் கொண்டுவந்து சுடச்சுட அளந்தால் 50.020 காட்டும். ஓகே என்று ட்ரேயில் வைப்பான் பையன். அந்த ஜாப் ரூமுக்குள் போய் ஆறியதும் 49.997. ரிஜெக்ட். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் சுருங்கும், 20 டிகிரிக்கு அந்த 50 எம்.எம்.மில் 23 மைக்ரான் போய்விட்டது. ஸ்டீலாக இருந்தால் இதில் பாதிதான் போகும், தப்பித்துவிடும். கேஜும் ஜாபும் ஒரே சூட்டில் இருந்தாலும் ஸ்டீலுக்கு ஸ்டீல் சரிக்கட்டிக்கொள்ளும், அலுமினியத்துக்குச் சரிக்கட்டாது.

இது எந்த புரோகிராமிலும் எழுதியிருக்காது. போதாததற்கு வெட்டுகிற முனையான இன்சர்ட் தேயத் தேய போரும் சின்னதாகிக்கொண்டே வரும். எத்தனை ஜாபுக்கு ஒருதரம் எக்ஸ் ஆஃப்செட்டில் அஞ்சு மைக்ரான் கூட்டுவது, எப்போது இன்சர்ட்டையே திருப்பிப் போடுவது என்று நிற்கிறவருக்குத்தான் தெரியும். இந்தத் தீர்மானத்துக்குத்தான் உனக்குக் கூலி.

இந்த இழுபறி நம்ம ஊரில் பிறந்ததில்லை. 1952-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் துளை போட்ட டேப்பை வைத்து மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள், விமானப் படையின் பணத்தில். அதற்கு முன்பே, 1940-களின் கடைசியில், ஜெனரல் எலக்ட்ரிக் இன்னொரு வழியைச் செய்து பார்த்திருந்தது. தேர்ந்த மெஷினிஸ்ட் முதல் ஜாபைக் கையால் ஓட்டுவார், டேப் அதைப் பதிவு செய்துகொள்ளும், அடுத்த ஜாபை மெஷின் தானாக ஓட்டும். கைவேலைக்காரரிடம் இருக்கிற வித்தை அவரிடமே இருக்கிற முறை அது. நிலைத்தது மற்றதுதான், ஆபீஸில் உட்கார்ந்து எழுதி மெஷின் ஷாப்புக்கு அனுப்புகிற முறை. விமானத்தின் வளைவுகளைக் கையால் ஓட்டிப் பதிவு செய்ய முடியாது என்பது நியாயமான காரணம். மெஷினிஸ்ட்டை நம்பி இருக்க வேண்டாம் என்று மேலே இருந்தவர்கள் நினைத்ததும் ஒரு காரணம். உன் கன்ட்ரோலில் லாக் போடுகிறவரும் அதையேதான் நினைக்கிறார்.

முதலாளி பக்கத்தையும் பார்க்க வேண்டும். 40 லட்சத்துக்கு ஒரு மெஷின், வட்டி 10 சதவீதம், ஐந்து வருஷம் என்று வை. மாதத் தவணை 85,000 பக்கம் வரும். நாளைக்கு 20 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் தவணைக்கு மட்டும் மணிக்கு 170 ரூபாய். கரண்ட், இன்சர்ட், கூலன்ட், வாடகையெல்லாம் தனி. ஆர்டர் தருகிற பார்ட்டி வருஷா வருஷம் ரேட்டைக் குறை என்பான். அதனால் முதலாளி கைவைக்க முடிகிற இடம் உன் சம்பளம்தான், வங்கியிடம் பேரம் பேச முடியாதே. ஆனால் இதே கணக்கை நீ திருப்பியும் போடலாம். செட்டிங் மாற்ற நாலு மணி நேரம் எடுக்கிற இடத்தில் நீ ரெண்டரை மணியில் முதல் ஜாபை ஓகே வாங்கினால், மெஷின் சும்மா நிற்காத அந்த ஒன்றரை மணி யாருடைய சம்பாத்தியம்?

"ஆள் கிடைக்கல சார், ஸ்கில் இல்ல" என்று எஸ்டேட் முழுக்கப் புலம்பல். என்ன தர்றீங்க என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நம்ம தெருவிலேயே டர்னர் சர்ட்டிபிகேட் வாங்கிய பையன் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறான், கையில் வருவது ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மேஸ்திரி திட்டும் இல்லை என்கிறான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களுக்கு 2,877 கோடியில் ரோபோவும் சி.என்.சி.யும் போட்டிருக்கிறது அரசு, நல்ல காரியம். படித்து வெளியே வருகிற பிள்ளைக்கு என்ன சம்பளம் என்பது அந்த 2,877 கோடியில் இல்லை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில், அப்புறம் 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா, அதே வருஷம் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப். என்று வந்தபோது நம்ம பக்கத்துப் பிள்ளைகள் லேத்தைத் தேடிப் போனதற்கு மெஷின் மேல் ஆசை மட்டும் காரணமில்லை. அந்தச் சம்பளத்தில் வீடு கட்டினார்கள்.

சரி, அந்த நாலாயிரத்துக்கு வருவோம். இப்போது உனக்கு 20,500. புது இடத்தில் 24,500. ஈ.எஸ்.ஐ.க்கு வரம்பு 21,000, அதைத் தாண்டினால் கொஞ்ச காலத்தில் கார்டு நின்றுவிடும். உங்கம்மா அயனாவரம் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குவது உன் கார்டில்தான். அந்தக் கம்பெனி தனியாக மெடிக்கல் இன்சூரன்ஸ் போடுகிறதா, பெற்றோருக்கும் சேர்த்தா என்று கேள். போடாவிட்டால் நாலாயிரத்தில் ஒரு பங்கு மருந்துக் கடைக்கே போகும். எங்களுக்காக நிற்காதே, கணக்குத் தெரிந்து போ என்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா என்று பார். ரெண்டும் ஒரே யூனிஃபார்ம்தான், பே ஸ்லிப்பில் பெயர் வேறாக இருக்கும். 24,500-ல் பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல். ஓவர்டைமுக்கு சட்டப்படி இரட்டைச் சம்பளம், "இங்கே சிங்கிள்தான் வழக்கம்" என்று சொன்னால் அந்த வழக்கத்தையும் குறித்துக்கொள்.

அதற்கு முன்னால் இப்போது இருக்கிற இடத்திலேயே ஒருதரம் கேட்டுப் பார். வெறும் கையோடு போகாதே. ஒரு நோட்டுப் போடு. எந்தத் தேதி, எந்த ஜாப், செட்டிங் யார் செய்தது, முதல் ஜாப் எத்தனை மணிக்கு ஓகே, ரிஜெக்ஷன் எத்தனை. ஒரு மாதம் எழுதினால் போதும். ஆபரேட்டர் என்று அட்டையில் போட்டுவிட்டு செட்டர் வேலை வாங்குகிறார்கள் என்றால் அது அந்த நோட்டில் தெரியும். செட்டர் கிரேடு கேள். தராவிட்டால் அதே நோட்டோடு புது இடத்துக்குப் போ, அங்கே நாலாயிரத்தோடு நிற்க வேண்டியதில்லை.

ஆஃபர் லெட்டர் வந்ததும் கையெழுத்துப் போடும் முன் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, பின்பக்கத்தில் இருக்கிற சின்ன எழுத்தையும் சேர்த்து. உங்கம்மா ஒன்று கேட்கச் சொன்னாள்: நைட் ஷிப்ட் முடிந்து வருகிற கம்பெனி வண்டி ஹாஸ்டல் வாசல் வரைக்கும் வருமா, பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிடுமா?

அன்புடன்,
அப்பா
திருவொற்றியூர்