மனுப்பெட்டியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரண் பேடி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1972-இல் ஐ.பி.எஸ்.ஸில் சேர்ந்த முதல் பெண் என்பதில் தொடங்கி, 1994-இல் மகசேசே விருது பெற்றது வரை எல்லாம் இருக்கிறது. திகார் சிறையில் ஆயிரம் கைதிகள் ஒன்றாக உட்கார்ந்து விபாசனா தியானம் செய்ததும் இருக்கிறது. (படத்துக்கு எடுப்பான விஷயம், யாரும் விட மாட்டார்கள்.) ஆனால் மனுப்பெட்டி பற்றி ஒரு வரி கூட இல்லை.

சிறைக்குள் அடி வாங்கிய கைதி யாரிடம் போய்ச் சொல்வது? வார்டரிடம்தான். அடித்ததே அந்த வார்டர் என்றால்? புகார் அந்த வார்டைத் தாண்டாது. 1993-இல் சிறைத்துறை ஐ.ஜி.யாக வந்த பேடி, பூட்டிய பெட்டி ஒன்றை வார்டு வார்டாகக் கொண்டுபோக வைத்தார். பெயர் போடாமலும் எழுதிப் போடலாம். அதைத் திறப்பது வார்டர்கள் அல்ல, ஐ.ஜி. அலுவலகம். செலவென்று பார்த்தால் ஒரு பெட்டி, ஒரு பூட்டு. தியானத்தைவிட இதைப் பார்த்துத்தான் பலர் மிரண்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு. பேடியின் பிற்கால அரசியல் பற்றிக் கேட்டால் வேறு மாதிரி எழுதுவேன், அது இங்கே வேண்டாம்.

சரி, பெட்டியால் தீராத ஒன்றும் இருந்தது. அன்றைய திகாரில் இருந்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். 1995-இல் பேடி அங்கிருந்து மாற்றலாகிப் போனார், வாய்தாக்கள் தொடர்ந்தன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாடு முழுவதும் சிறையில் இருப்பவர்களில் நான்கில் மூவர் இன்னமும் விசாரணைக் கைதிகள்தான்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு இதற்கு ஒரு வழி சொல்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவர், குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரைப் பிணைப் பத்திரத்தில் விடவேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடையாது. முக்கியமான இடம் அப்புறம்தான் வருகிறது: கைதி வக்கீலைத் தேடி அலைய வேண்டியதில்லை, சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுதியாக வேண்டும்.

எத்தனை கண்காணிப்பாளர்கள் எழுதினார்கள்? ஒவ்வொரு மத்தியச் சிறையிலிருந்தும் தகவல் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்டு வாங்கி, சிறைவாரியாக அட்டவணை போட்டு வெளியிடுங்கள். பேடி பற்றிய அடுத்த கட்டுரை அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்