பூஞ்சை பிடித்த நெகட்டிவ்

நாகப்பட்டினம்
20.11.2024

அன்புள்ள ஹைப்போ,

இங்கு அனைவரும் நலம். நீயும் கமலாவும் நலமாக இருப்பீர்கள். உன் கடிதம் சித்திரையில் வந்தது. இத்தனை மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் முழங்கால், மழை, மருமகள் என்று ஒரு பக்கம் போய்விடும். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இப்போது ஓர் அவசரம். யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு என் பழைய நெகட்டிவ்களைப் பற்றி விசாரித்தால் எதையும் உளறிவிடாதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

போன வாரம் இரண்டு இளைஞர்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். சுனாமியின் இருபதாம் ஆண்டு நினைவுக்குக் கடற்கரையில் பன்னிரண்டு அடிப் பதாகை வைக்கப் போகிறார்களாம். அதற்கு என் ‘வரிசைப் படம்’ வேண்டுமாம். ஒரு பத்திரிகையில் என் பெயரும் போடாமல், பணமும் தராமல் வெளியிட்டார்களே, அதேதான். பள்ளிக்கூட வராந்தாவில் கிடத்திய ஒன்பது குழந்தைகள். நல்ல பையன்கள்தான். ஒருவன் சொன்னான்: “எல்லோரும் மறந்துவிட்டார்கள் ஐயா, பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் அதிர வேண்டும்.” யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நாம் 1986-இல் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. பழைய பேப்பர் கடையில் கத்தரித்து வந்து இருட்டறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினாயே, எரிமலைச் சேற்றில் சிக்கிய சிறுமி ஒமைரா சாஞ்செஸின் படம். சிவப்பு விளக்கில் மற்ற நிறமெல்லாம் போய்விடும், அவள் கண்கள் மட்டும் கரித்துண்டு போல நிற்கும். டெவலப்பர் தட்டை ஆட்டிக்கொண்டே நான் முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். கல்யாண ஆல்பம் கழுவுகிற இடத்தில் சாவுப் படமா என்று முதலாளி கிழித்தெறிந்தார். நீ இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. தொல்லை ஒழிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன், இப்போது சொல்வதற்கென்ன.

அந்தப் பெண்ணுக்கு வயது 13. கொலம்பியாவில் அர்மேரோ என்ற ஊர். 1985 நவம்பர் 13 இரவு ஒன்பது மணிக்கு மேல் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. உச்சியிலிருந்த பனியில் கொஞ்சம் உருகியதற்கே சேறும் பாறையும் ஆற்று வழியே இறங்கி வந்தன. ஊரை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம், ஹைப்போ! மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். அதற்கு முந்தின மாதமே, எந்தெந்த ஊர் முழுகும் என்று காட்டும் வரைபடம் வந்துவிட்டது. அர்மேரோ அதில் இருந்தது. 1845-இலும் அதே இடத்தில் அதே சேறு வந்து ஆயிரம் பேரைக் கொன்றிருக்கிறது. அன்று பிற்பகல் ஊரில் சாம்பல் விழுந்தபோதுகூட, பயப்படாமல் வீட்டிலேயே இருங்கள் என்றுதான் சொன்னார்கள். ஏறத்தாழ 29,000 பேர் இருந்த ஊரில் 20,000 பேர் போனார்கள்.

ஒமைரா கழுத்தளவுத் தண்ணீரில், இடிந்த வீட்டின் காங்கிரீட்டுக்குள் கால் மாட்டிக்கொண்டு மூன்று இரவு உயிரோடு இருந்தாள். தண்ணீருக்கடியில், இறந்துபோன உறவுப் பெண்ணின் கைகள் அவள் கால்களைச் சுற்றியிருந்தன. தண்ணீரை இறைக்க ஒரு பம்பு வேண்டும், நேரத்துக்குக் கிடைக்கவில்லை. காலை வெட்டி எடுக்க அங்கே கருவிகள் இல்லை. பாடினாள், இனிப்பு கேட்டாள், கணக்குப் பரீட்சையை நினைத்துக் கவலைப்பட்டாள். பிரெஞ்சுக்காரர் ஃபிராங்க் ஃபூர்னியே விடியற்காலையில் நடந்து போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும், கொண்டுபோய் விடுவீர்களா என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். நவம்பர் 16 காலையில் இறந்தாள். அவர் எடுத்த படத்துக்கு அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது கிடைத்தது.

அதற்கு முந்தின ஆண்டு அதே விருதை வாங்கியது போபால் விஷவாயுவில் இறந்த குழந்தையின் படம். பாப்லோ பார்த்தலோமியூ வண்ணத்தில் எடுத்தார், ரகு ராய் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். இரண்டு பேரும் எடுத்தது ஒரே குழந்தையை. அந்தக் குழந்தைக்கு இன்றுவரை பெயர் கிடையாது. ஒமைராவின் பெயரோ உலகத்துக்கே தெரியும். இரண்டு குழந்தைகளும் இன்னும் அந்தந்த மண்ணில்தான் இருக்கிறார்கள்.

ஃபூர்னியேவைப் பற்றி நீ அன்று சொன்னது: “கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டு இழுத்திருக்க வேண்டாமா?” நான் சொன்னது: “ஒரு ஆள் இழுத்து வருகிற காரியமா அது? அவர் எடுத்ததால்தான் உலகத்துக்குத் தெரிந்தது.” உலகம் முழுக்க அவரிடமும் உன் கேள்வியைத்தான் கேட்டார்கள். பல ஆண்டு கழித்து அவரும் ஏறக்குறைய என் பதிலைத்தான் சொன்னார்: தன்னால் எதுவும் முடியவில்லை, படத்தால் உதவிப் பணம் வந்தது, ஆட்சியாளர்களின் பொறுப்பின்மை வெளிப்பட்டது என்று. வீணாகவும் போகவில்லை. மறு ஆண்டே அமெரிக்க நில அளவைத் துறை வெளிநாட்டு எரிமலைகளைக் கண்காணிக்க உதவும் குழு ஒன்றை அமைத்தது. 1991-இல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ வெடிப்பதற்கு முன்னால் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றியதில் அந்தக் குழுவுக்குப் பங்கு உண்டு. ஆகவே சண்டையில் ஜெயித்தது நான்தான். பந்தயப் பணம் இரண்டு ரூபாய் இன்னும் வரவில்லை.

ஆனால் என் படத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. நான் போனபோது காப்பாற்ற யாரும் மிச்சமில்லை. அதனால் என்னைக் குற்றம் சொல்ல வழியில்லை. சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்த படத்தைப் பார்த்திருப்பாய், 2004-க்கான அதே விருதை வாங்கியது. மண்ணில் கவிழ்ந்து அழும் பெண். இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரியும். முகத்தைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டார். நானோ ஒன்பது முகமும் உள்ளே விழ வேண்டும் என்று இரண்டடி பின்னால் நகர்ந்தேன். நகர்ந்தது நன்றாக நினைவிருக்கிறது. செருப்பில் ஒரு துடைப்பம் தட்டியது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. 2005 வைகாசியில் ஒருவர் வந்தார், மீன்பிடிக்கிறவர். பத்திரிகையிலிருந்து கிழித்த என் படத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மூன்றாவது பிள்ளை அவர் மகள். வீட்டோடு ஆல்பமும் போய்விட்டது, ரேஷன் கார்டிலும் குழந்தை முகம் இல்லை. உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே படம் நான் எடுத்தது. “கண்ணைத் திறந்துவைத்துத் தர முடியுமா?” என்று கேட்டார்.

கண் திறப்பதில் நீதான் கெட்டிக்காரன். முனை சீவிய பென்சிலைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, பாவையில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பாயே, செத்தவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எனக்கு அந்தக் கை ஏது? கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும். கண்ணுக்கு எங்கே போவது என்று கேட்டேன். மறுநாள் இளைய மகளை அழைத்து வந்தார். “இவள் கண்தான் அவளுக்கும்.” முக்காலியில் உட்காரவைத்தேன். சிரிக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். எடுத்து, அந்தக் கண்ணை அக்காள் முகத்தில் பொருத்தி, நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்து, ஊதா ரிப்பன் ஒன்றும் கட்டிவிட்டேன். ரிப்பன் அவர் கேட்டதல்ல, நானாகச் செய்தது.

உப்புக் காற்றில் மூன்று வருடத்துக்கு மேல் எந்தப் படமும் தாங்காது. ஓரம் பழுத்ததும் வந்து புதிதாக ஒன்று வாங்கிப் போவார். காசு வேண்டாம் என்றால் கோபிப்பார். மீன் கொடுத்துவிட்டுப் போவார். கண் கொடுத்த தங்கைக்குப் போன ஆவணியில் கல்யாணம். நான்தான் படம் எடுத்தேன். மணப்பெண் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கை தடுமாறி இரண்டு படம் ஆடிவிட்டது.

ஒவ்வொரு டிசம்பர் 26-உம் அவர் கடற்கரைக்குப் போகிறவர். அங்கே பன்னிரண்டு அடி உயரத்தில், கண் மூடி, நெற்றியில் மணலோடு அவளை நான் நிறுத்த வேண்டுமாம். அர்மேரோவில் ஒமைரா இருந்த இடத்தில் இன்றும் ஆட்கள் வந்து பொம்மையும் நன்றிப் பலகையும் வைக்கிறார்கள், வேண்டுதல் பலித்ததாம். அவள் அம்மா பிழைத்திருந்தாள், ஹைப்போ. மகள் முகத்தை எத்தனை சுவரில் பார்த்திருப்பாள்? 1986-இல் நம் இருவருக்கும் அந்த அம்மாவின் நினைவே வரவில்லை.

அந்த ஒன்பதில் மற்ற எட்டுப் பேரின் வீட்டார் யார் என்றுகூட நான் தேடிப் போனதில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், நீ கேட்பதற்கு முன்னால்.

பையன்கள் நேற்று மறுபடி வந்தார்கள். நெகட்டிவ் நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது என்று பொய் சொன்னேன். நம்பினார்கள். போதாதென்று, “அந்தக் காலத்து பிரிண்ட் கோயம்புத்தூர் நண்பனிடம் இருந்தாலும் இருக்கும்” என்று வாய் தவறி உன் பெயரையும் சொல்லிவிட்டேன். எண்ணை எங்காவது கண்டுபிடித்துக் கூப்பிடுவார்கள். உன்னிடம் எதுவும் இல்லை. நனைந்தது 2018 கஜா புயலில், கூரை பிய்த்துக்கொண்டு போனபோது. கஜா என்றே சொல்; தானே, நிஷா என்று வேறு புயல் பெயர் எதையாவது சொல்லி மாட்டிவிடாதே. உன் ஞாபகசக்தி எனக்குத் தெரியும்.

பொங்கலுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. கமலாவுக்குக் கருவாடு வாங்கி வைக்க வேண்டும்.

உன்,
வரதன்